பேரில் கேஸ் இருந்தவர் வேலைக்கு எழுதும்போது

அரசு வேலையோ கம்பெனி வேலையோ, சரிபார்ப்பில் பலரைக் கவிழ்ப்பது பழைய வழக்கைவிட, படிவத்தில் யோசிக்காமல் எழுதிய ‘இல்லை’தான். வழக்கு ஏற்கெனவே முடிந்திருக்கும். மறைத்தது புதுக் குற்றச்சாட்டாக நிற்கும்.

படிவத்தைத் தொடுவதற்கு முன்பே காகிதங்களைச் சேர்த்துவிட வேண்டும். குற்ற எண் (எஃப்.ஐ.ஆர். எண்), ஆண்டு, காவல் நிலையம், பிரிவுகள், கோர்ட் வழக்கு எண், தீர்ப்புத் தேதி என எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். கோர்ட் வழக்கு எண் மறந்துபோயிருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரும் ஆண்டும் கொடுத்தோ, காவல் நிலையமும் எஃப்.ஐ.ஆர். எண்ணும் கொடுத்தோ தேடலாம். பழைய வழக்குகள் அதில் ஏறாமல் இருக்கலாம். அப்போது வக்கீல் மூலம் கோர்ட் பதிவேட்டில்தான் பார்க்க வேண்டும். பிறகு நகல் மனு போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். வழக்குக் கட்டு அழிக்கப்பட்டிருந்தால் அதையே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டேஷனோடு முடிந்ததாக நம்பும் வழக்குகள்தான் அதிகம் மாட்டிவிடுகின்றன. புகார் வாங்கியதற்கு ஸ்டேஷன் கொடுக்கும் வெறும் சி.எஸ்.ஆர். ரசீது என்றால் அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். பதிவாகியிருந்தால், “இனி வர வேண்டாம், போங்க” என்று வாயால் சொன்னது போதாது. போலீஸின் இறுதி அறிக்கை கோர்ட்டுக்குப் போய்ச் சேராதவரை அது விசாரணையில் இருக்கும் வழக்குதான். மேல் நடவடிக்கை இல்லாமல் வழக்கை முடிப்பதாகப் போலீஸ் தரும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ், அந்த முடிவை மாஜிஸ்திரேட் ஏற்ற உத்தரவு, இந்த இரண்டும் கையில் வர வேண்டும்.

அடுத்து, கேள்வியின் வினைச்சொல்லைப் பாருங்கள். மத்திய அரசின் சான்றுறுதிப் படிவம் (அட்டெஸ்டேஷன் ஃபார்ம்) தண்டனையை மட்டும் கேட்பதில்லை. கைதானீர்களா, வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீர்களா, பிணைப்பத்திரம் எழுதி வாங்கப்பட்டதா, கோர்ட் அபராதம் விதித்ததா என்று தனித்தனியாகக் கேட்கும். விடுதலையானவரும் கைதாகியிருந்தால் முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றே எழுத வேண்டும். பெட்டி கேஸில், அதாவது சிறு குற்ற வழக்கில், குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டியவர்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சட்டப்படி அது தண்டனைதான். நூறு ரூபாயோடு போனதென்று நினைத்தது, ஆண்டுகள் கழித்து இந்த இடத்தில் வந்து நிற்கும்.

2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதற்கெல்லாம் வழிகாட்டு நெறிகள் வகுத்தது. படிவம் குறிப்பாகக் கேட்டதை மட்டுமே சொல்லக் கடமை உண்டு. தெளிவில்லாத கேள்வியை வைத்து ‘மறைத்தார்’ எனச் சொல்ல முடியாது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால், வேலை கொடுப்பவர் மன்னிக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே வேலை உறுதியாகிவிடாது. முன்வரலாற்றைப் பரிசீலிக்கும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு.

விடுதலையிலும் தரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் போலீஸ் வேலைக்கு எழுதுபவர், தீர்ப்பில் ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்ற சொற்கள் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பணி விதி அப்படி விடுதலையானவரையும் வழக்கில் தொடர்புடையவராகவே கொள்கிறது; சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் 2008-இல் அதை ஏற்றது. இது கடுமையான விதி என்பதே எங்கள் எண்ணம், ஆனாலும் அதைத் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். சம்பவத் தேதியில் 18 வயது நிறையாதவருக்கு நிலை வேறு. சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 24-ஆம் பிரிவுப்படி தண்டனையால் வரும் தகுதியிழப்பு அவரை ஒட்டாது. 16 வயது கடந்து, கொடிய குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை.

தனியார் கம்பெனிகள் சரிபார்ப்பை ஏஜென்சியிடம் விடுகின்றன. பெயர், அப்பா பெயர், முகவரி வைத்துக் கோர்ட் பதிவுகளைத் தேடுவார்கள். ‘எஸ். குமார்’ மாதிரிப் பெயர் என்றால் அடுத்தவர் கேஸும் உங்கள் தலையில் விழும். கேட்டவுடன் வாய்மொழியாக மறுக்காமல், அந்த வழக்கு எண்ணை எழுத்தில் கேளுங்கள். குற்றப்பத்திரிகையில் உள்ள அப்பா பெயர், வயது, முகவரியை உங்கள் ஆவணங்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். வழக்கு உங்களுடையதே என்றால் விளக்கக் கடிதம் ஆறேழு வரிக்கு மேல் வேண்டாம்: எண், பிரிவு, என்ன தீர்ப்பு, எந்தத் தேதி, நகல் இணைப்பு. யார் மீது தப்பு என்ற வாதம் அதில் வரக் கூடாது. அதைப் படிப்பவர் தேடுவது முடிந்த தேதியைத்தான்.