நல்லா இருக்கு தம்பி

"நல்லா இருக்கு தம்பி. வெச்சிட்டுப் போங்க, பார்க்கிறேன்." நான் சொன்னது இவ்வளவுதான். சொல்லி மூன்று வருடம் ஆகிவிட்டது.

குழந்தைகள் புத்தகம், 32 பக்கம், 14 படம். அந்தத் தம்பி இரண்டு மாதம் உட்கார்ந்து வரைந்திருந்தார். முதல் தாளைப் புரட்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வர்ணமெல்லாம் பிரமாதம். ஆனால் எந்தக் குழந்தைக்கும் எடை இல்லை. தரையில் நிற்காமல் காகிதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அழுகிற பெண்ணுக்கும் சிரிக்கிற பையனுக்கும் ஒரே முகம், வாயை மட்டும் மாற்றிய மாதிரி.

பதிப்பகத்தில் அதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். இரண்டு வாரம் முன்னால் என்றால் சொல்லியிருப்பேன். எப்படிச் சொல்லியிருப்பேன் என்பதுதான் பிரச்சினை. ஒரு பெண்ணின் புத்தக அட்டை டிசைனை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இது புத்தகமா, சோப்பு டப்பாவா?" என்று கேட்டவன் நான். மாடிப்படியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்துக்குப் பத்து நாள் விபஸ்ஸனா தியான முகாமுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீடு திரும்பினேன். திங்களன்று தம்பி படங்களோடு வந்து நிற்கிறார்.

"எப்படிண்ணா இருக்கு?"

நெஞ்சுக்குள் சூடு ஏறியது. காது மடல் கூசியது. முகாமில் சொல்லிக்கொடுத்தபடியே அதைக் கவனித்தேன். எழுந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, வடிந்தது. அனிச்சா, நிலைக்காது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! பல வருடக் கோபம் ஒரு மூச்சில் கரைந்துபோன மாதிரி. அந்த நிம்மதியில்தான் "நல்லா இருக்கு தம்பி" வந்தது.

எரிச்சல் போனது சரி. அதோடு படத்தைப் பற்றிய அக்கறையும் சேர்ந்து போய்விட்டது. அன்று அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துதான் இருந்ததோ என்னவோ.

மூன்று வாரம் கழித்து, லே-அவுட் எல்லாம் முடிந்த பிறகு, 14 படமும் வேண்டாம் என்று முடிவாயிற்று. வேலை வேறொருவருக்குப் போனது. தம்பிக்குப் பாதிப் பணம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டார்: "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா."

"உங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தேன். அது பொய். அந்த நிமிடம் அவர் மனசு என் நினைப்பிலேயே இல்லை. என் மனசு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தில் அபய ராஜகுமாரன் வருகிற சூத்திரம் ஒன்று உண்டு, 58ஆவது. பிறருக்குப் பிடிக்காத சொல்லைத் ததாகதர், அதாவது புத்தர், சொல்வாரா என்று கேட்டு மடக்கப் பார்க்கிறான். அவன் மடியில் ஒரு கைக்குழந்தை. இந்தக் குழந்தை குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் கேட்கிறார். இடது கையால் தலையைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலை வளைத்து விட்டு எடுப்பேன், ரத்தம் வந்தாலும் எடுப்பேன், குழந்தை மேல் எனக்கு இரக்கம் இருக்கிறதே என்கிறான் அபயன். உண்மையும் பயனும் உள்ள சொல், கேட்பவருக்குப் பிடிக்காததாக இருந்தாலும் நேரம் அறிந்து சொல்லப்படும் என்று புத்தர் அங்கிருந்துதான் விளக்குகிறார். இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்த இடது கை எனக்குக் கண்ணில் பட்டதே இல்லை. சோப்பு டப்பா விஷயத்தில் நான் விரலை மட்டும் விட்டேன், தலையைப் பிடிக்கவில்லை. தம்பி விஷயத்தில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. உபேக்கா என்ற பாலிச் சொல்லுக்குச் சமநிலை என்று பொருள் சொல்கிறோம். நம் ஊரில் அதன் வடமொழி வடிவமான உபேட்சைக்கு என்ன அர்த்தம்? அலட்சியம். "ரொம்ப உபேட்சையா இருந்துட்டான்" என்று பெரியவர்கள் திட்டுவார்கள். பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் விசுத்திமக்கம் என்ற நூலில் இதைச் சொல்லி வைத்திருக்கிறார்: அன்பு, இரக்கம் தொடங்கி உபேக்கா வரை நான்கு குணங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தூரத்துப் பகையும் ஒரு பக்கத்துப் பகையும் உண்டு. உபேக்காவின் பக்கத்துப் பகை அறியாமையால் வரும் அக்கறையின்மை. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால்தான் அது பக்கத்துப் பகை. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் உட்கார்ந்து எழுதியவர். அதற்கு முன் காஞ்சிபுரத்தில் இருந்திருக்கிறார். நம் உபேட்சை அவர் காதில் விழுந்திருக்குமோ என்று எனக்கு ஒரு வேடிக்கையான சந்தேகம்.

சரி, இதையெல்லாம் தம்மத்தின், அதாவது புத்தர் போதனையின், தலையில் கட்டுவதும் நியாயமில்லை. இந்த விபஸ்ஸனாவைப் பரப்பிய கோயங்காவின் குருவான ஊ பா கின் பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்தவர். அலுவலகத்திலேயே தியானத்துக்கு இடம் ஒதுக்கியவர். தப்புக் கணக்கோடு வந்தவரிடம் "நல்லா இருக்கு, வெச்சிட்டுப் போங்க" என்று சொல்லி ஒரு கணக்காயர் காலம் தள்ள முடியுமா? தியானத்தையும் வேலையையும் அவர் ஒன்றாகத்தானே நடத்தினார்? அப்படியென்றால் கோளாறு என்னிடம்தான்.

ஒருவேளை அதுவும் இல்லையோ. அந்தத் திங்கட்கிழமை இரண்டு ஃபாரம் புரூஃப் என் மேஜையில் கிடந்தது, மாலைக்குள் அச்சுக்குப் போக வேண்டும். பத்து நாள் லீவு போட்டதற்கு ஏற்கெனவே முணுமுணுப்பு. 14 படத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேச உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் போயிருக்கும். விபஸ்ஸனாவுக்கே போகாமல் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேனோ? சமநிலை என்ற பெயரை அப்புறம் கொண்டுவந்து ஒட்டினேனோ? எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் இந்த இடத்தில் வந்து சிக்கிக்கொள்கிறது.

போன வருடம் இரண்டாம் முறை திருமுடிவாக்கம் போனேன். அங்கே எழுதக் கூடாது, படிக்கக் கூடாது, பேனாகூட வைத்துக்கொள்ளக் கூடாது. ஐந்தாம் நாள், அசையாமல் உட்கார வேண்டிய அதிட்டான ஒரு மணி நேரம். முழங்கால் எரிகிறது. உடம்பைக் கவனிக்க வேண்டிய மனசு, ஒவ்வொன்றாக அந்த 14 படங்களை எடுத்துத் திருத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது படத்தில் அழுகிற பெண்ணின் இடது தோளைக் கொஞ்சம் இறக்கினால் போதும், எடை வந்துவிடும். ஒன்பதாவதில் நாயை முன்னால் கொண்டுவர வேண்டும். இவ்வளவு தெளிவாக நான் எந்தப் படத்தையும் பார்த்ததில்லை. தியானம் என்று பார்த்தால் அந்த ஒரு மணி நேரம் சுத்த வீண். என் தொழிலில் நான் செய்த ஆக நல்ல வேலையும் அதுதான் என்று தோன்றுகிறது.

பதினோராம் நாள் காலை ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்கள். கேட்டுக்கு வெளியே நின்று அவருடைய எண்ணைத் தேடினேன், இருந்தது. "மூணாவது படம், இடது தோள்" வரைக்கும் அடித்தேன். அந்தப் படங்களை அவர் இன்னும் வைத்திருப்பாரா என்று ஒரு யோசனை. அதற்குள் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அடித்தது அப்படியே இருக்கிறது. அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை.