இடக்கையால் எழுதப் பழகுகிறேன்: ஒன்பதாம் மாதக் குறிப்பு

பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த பின், இடக்கையால் தமிழ் எழுதப் பழகத் தொடங்கி இந்த வாரத்தோடு ஒன்பது மாதம் நிறைகிறது. முப்பது ஆண்டுகள் பத்திர எழுத்தராக இருந்து, கிரயப் பத்திரங்களை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்த என்னிடம், ஓய்வூதியப் பணம் எடுக்கப் போன இடத்தில் மைப்பெட்டியை நீட்டினார்கள். கைநாட்டு வைத்துவிட்டு வந்த அன்று மாலையே பேத்தியிடமிருந்து இரட்டைக்கோடு நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

முதல் மாதம் எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலம் மாறி விழுந்தன. கண் பிழையை உடனே கண்டுகொண்டாலும் கை அதைக் கேட்கவில்லை. மூளை கலங்கிவிட்டதோ என்று அஞ்சி இயன்முறை மருத்துவரிடம் நோட்டைக் காட்டினேன். இடக்கைக்கு மாறுகிற நோயாளிகள் சிலரிடம் இது காணப்படுவதுதான் என்று சொல்லி, அவர் தம் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் காற்றில் 'ட' போட்டுக் காட்டினார். இடக்கை தானாகவே எதிர்ப்புறமாகத்தான் போனது. அன்று முதல் ஒவ்வோர் எழுத்தையும், எந்தப் பக்கம் தொடங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினேன். வீட்டில் சிரித்தார்கள், பிழை குறைந்தது.

அடுத்த சிக்கல் பேனா. வலக்கை இழுத்து எழுதும் கோட்டை இடக்கை தள்ளி எழுத வேண்டியிருப்பதால் மைப்பேனாவின் முள் தாளைக் குத்திக் கிழித்தது. எழுதிய ஈரத்தின் மேலேயே கை நகர்ந்து எல்லாவற்றையும் தேய்த்தது. தாளின் மேல்முனையை வலப்புறமாகச் சாய்த்து, கையை வரிக்குக் கீழேயே வைத்துக்கொண்டு, மென்மையான பென்சிலுக்கு மாறிய பிறகே வரி வரியாக நின்றது.

தமிழில் 247 எழுத்து என்றாலும் கைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய வடிவங்கள் அத்தனை இல்லை. ட, ப, ம எளிதில் வந்துவிட்டன. மூன்று சுழி 'ண' இரண்டு வாரம் எடுத்துக்கொண்டது. உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துகளும் தனித்தனி வம்பு. 1978-இல் தமிழக அரசு பெரியார் வழியிலான எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளை மாற்றுவதற்கு முன்பே பள்ளிப் படிப்பை முடித்தவன் நான். கடைசி வரையில் என் வலக்கை யானைத் தும்பிக்கை போட்ட பழைய 'லை'யைத்தான் எழுதியது. இடக்கைக்கு அந்தப் பழக்கமே இல்லாததால் புதிய வடிவத்தையே நேராகக் கற்றுக்கொண்டது. பார்ப்பவர்களுக்கு இப்போது என் எழுத்து வயதில் இளைய ஒருவருடையதாகத் தோன்றும்.

ஐந்தாம் மாதம் தோள்வலியால் பத்தொன்பது நாள் எழுதவில்லை. திரும்ப உட்கார்ந்தபோது கோணல் எல்லாம் மீண்டு வந்திருந்தது. ஆத்திரத்தில் நோட்டைக் கிழித்தெறிந்தேன். மனைவி ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. கிழியாத பின்பக்கம் ஒன்றை எடுத்து என் முன்னே வைத்து, "மளிகைப் பட்டியலை இனிமேல் நீங்களே எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதுவே எனக்கு அளவுகோலாயிற்று. முதல் பட்டியலில் இருந்த பதினைந்து சாமான்களில் ஒன்பதைப் பற்றிக் கடைக்காரர் தொலைபேசியில் கேட்டார்; இரண்டு மாதத்தில் அது நான்கானது. கேட்காமல் விட்டதுதான் ஆபத்து: கடுகு 50 கிராம் என்று எழுதியது 500 ஆகப் படிக்கப்பட்டு வந்தது, இன்னும் டப்பாவில் இருக்கிறது. அதன் பிறகு அளவை எண்ணாலும் எழுத்தாலும், பத்திரத்தில் தொகையை எழுதுவதுபோல, இரண்டு முறை எழுதுகிறேன். சென்ற வாரம் அவர் ஒரே ஒரு சாமானுக்குத்தான் கேட்டார்.

கையொப்பம் மட்டும் இன்னும் கைவரவில்லை. பத்து முறை போட்டால் பத்து ஆள் போட்டதுபோல் இருக்கிறது. மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களிடம் அது செல்லாது. ஒரே இழுப்பில் போடும் பழைய கையொப்பத்தைக் கைவிட்டு, முழுப் பெயரையும் தனித்தனி எழுத்தாக எழுதுவது என்று நேற்று முடிவு செய்தேன். புது நோட்டில் முதல் பக்கம் முடிந்திருக்கிறது.