ஓரியூர் மண்ணும் 25-வது பிரிவும்

ஓரியூர் போய்விட்டு இப்போதுதான் தங்கச்சிமடம் வந்து சேர்ந்தோம். அம்மா வழக்கம்போல ஒரு பிடி செம்மண்ணைப் பேப்பரில் மடித்து எடுத்து வந்திருக்கிறார். 1693 பிப்ரவரி 4-ல் போர்ச்சுகலிலிருந்து வந்த பாதிரியார் புனித அருளானந்தர் தலை வெட்டப்பட்ட ஊர் அது. மறவர் இளவரசர் தடியத்தேவருக்கு அருளானந்தர் ஞானஸ்நானம் கொடுத்தார். அதன்பின் தேவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் ராஜா சேதுபதி வீட்டுப் பெண். அப்புறம் கேட்க வேண்டுமா!

இன்று எனக்கு எந்த ராஜாவின் தயவும் வேண்டாம். கழுத்தில் செபமாலையோடு பஸ் ஏறுகிறேன். பக்கத்து சீட்டு அக்கா நெற்றி நிறையத் திருநீறோடு அதே கோயிலுக்கு நேர்ச்சை செலுத்த வந்தவர். அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு சொல்லும் மனசாட்சிச் சுதந்திரம் எங்கள் இருவருக்கும்தான். சாமியே இல்லை என்கிற என் தம்பிக்கும்தான். (அவனுக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன், சொல்லிவிடாதீர்கள்.)

ஆண்டவரே, நன்றி. ஆனால் அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யத்தான் இந்த விடுதலை என்று பவுல் கலாத்தியருக்கு எழுதியது கொஞ்சம் உறுத்துகிறது. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அக்கரையில் இலங்கைச் சிறையில் கிடக்கும் நம்ம மீனவர்களுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை? கரையில் இருக்கிற அவர்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும்.

அந்த வீடுகளுக்கு அரிசி, பருப்பு சேர்க்கிறோம். முடிந்தவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலுக்கு வாங்க. எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி.