இறக்கையைக் கழற்றாமல் பார்த்தார்கள்

விமானப் பராமரிப்பு படித்த காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பயணிகள் விமானம்தான். வயலுக்கு மருந்தடிக்கும் விமானம் பற்றி ஒரு பக்கம்கூடப் படித்த நினைவில்லை. அப்புறம் நானாகத் தேடிப் படித்தபோதுதான் அது எவ்வளவு முரட்டு வேலை என்று புரிந்தது. தொட்டி நிறைய மருந்தோடு பயிரை உரசுகிற மாதிரி தாழப் பறந்து, வயல் முடிகிற இடத்தில் விருட்டென்று மேலே ஏறித் திரும்பி மறுபடி இறங்கி, இதையே நாள் முழுக்கச் செய்தால் இறக்கை என்ன பாடுபடும்! போதாததற்கு உரமும் மருந்தும் வேறு உலோகத்தை அரிக்கும்.

அமெரிக்க விதிப்படி 12,500 பவுண்டுக்கு, அதாவது சுமார் 5,670 கிலோவுக்கு, மேல் எடையோடு கிளம்ப அனுமதி பெற்றது 'பெரிய' விமானம். டெக்சாஸில் செய்யப்படும் ஏர் டிராக்டர் ஏடி-802 என்ற மருந்தடிக்கும் விமானம் ஒற்றை எஞ்சின்தான், ஆனால் எடை 16,000 பவுண்டு வரை போகும். சின்ன விமானத்துக்கு வருடாந்திரப் பரிசோதனை போதும். பெரியதற்கு, தயாரிப்பாளர் பரிந்துரைத்ததையோ அரசு ஒப்புதல் பெற்றதையோ ஒரு முழுப் பரிசோதனைத் திட்டமாகத் தேர்ந்தெடுத்து அதன்படி நடக்கவேண்டும் என்பது பொது விதி. சரி, காகிதத்தில் எல்லாம் ஒழுங்குதான்.

என்னை உலுக்கியது ஆஸ்திரேலியாவில் நடந்தது. 2013 அக்டோபர் 24 அன்று, நியூ சவுத் வேல்ஸில் உல்லாடுல்லா அருகே, காட்டுத்தீயை அணைக்கப் போன எம்18 டிரோமேடரின் இடது இறக்கை வானத்திலேயே பிய்ந்து போனது. விமானி இறந்தார். டிரோமேடர் போலந்தில் செய்த விவசாய விமானம். இறக்கையைப் பிணைக்கும் கீழ்ப் பக்கப் பொருத்தில் சின்னச் சின்ன அரிப்புக் குழிகள் விழுந்து, அங்கிருந்து கிளம்பிய விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது.

பரிசோதிக்கவில்லையா என்றால், பரிசோதித்தார்கள்! இறக்கையைக் கழற்றித்தான் பார்க்கவேண்டும் என்று உத்தரவு இருந்தும் கழற்றாமலேயே, எடி கரண்ட் முறையில், அதாவது உலோகத்தில் மின்சுழலை உண்டாக்கி விரிசலைத் தேடும் முறையில், பார்த்திருக்கிறார்கள். அது நல்ல முறைதான், வேறு இடங்களில் விரிசலை அழகாகக் காட்டும். ஆனால் இந்த வேலைக்கு அதற்கு ஒப்புதல் கிடையாது, விரிசல் அதில் சிக்காமல் போயிருக்கலாம் என்றது விசாரணை. இறக்கையைக் கழற்றி மாட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் நின்றவனுக்குத் தெரியும், அதனால் கழற்றாமல் முடித்துவிடும் ஆசை எனக்குப் புரிகிறது. புரிகிறது என்பதற்காக ஒத்துக்கொள்ள முடியாது.

அதே விசாரணை அறிக்கையில் இன்னொன்று, எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது. டிரோமேடரின் அடிப்படை எடை வரம்பு 4,200 கிலோ. ஆஸ்திரேலியாவில் கூடுதல் சான்றிதழோடு 6,600 கிலோ வரை பறக்கவிட்டார்கள். ஓவர்லோடு லாரிக்கு டயர் சீக்கிரம் தேய்வது போலத்தான், அதிக எடையில் ஒரு மணி நேரம் பறந்தால் பதிவேட்டில் அதை ஒரு மணி என்று எழுதக்கூடாது, பெருக்கி எழுதவேண்டும். சில விமானங்களுக்கு அப்படிப் பெருக்கியிருக்க வாய்ப்பில்லை என்று விசாரணையாளர்கள் கண்டார்கள். அதாவது, பதிவேட்டின்படி இன்னும் ஆயுள் மீதியுள்ள விமானங்களில் சில, உண்மையில் அதை ஏற்கெனவே தாண்டியிருக்கலாம்.