அம்மாயிக்காக அடுப்பில் வேக வைத்த அப்பிள்

பொங்கலுக்கு வந்த தம்பி, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கினேன் என்று ஒரு பை நிறைய சிவப்பு அப்பிள் கொண்டு வந்திருந்தான். ஆளுக்கு ஒன்று கொடுத்தான். அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, தன் பங்கை வாங்கி, முந்தானையில் துடைத்து, மோந்து பார்த்துவிட்டு, "எனக்கு வேணாம், நீ தின்னு" என்று பக்கத்தில் நின்ற என் மகளிடம் கொடுத்துவிட்டார். வேணாம் என்பது பொய். மேல் வரிசையில் இரண்டு பல்தான் மிச்சம், அதுவும் ஆடுகிறது. முப்பது வருசத்துக்கு மேல் மலையேறித் தேயிலைக் கொழுந்து எடுத்தவர், ஒரு அப்பிளைக் கடிக்க முடியவில்லை என்று எங்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

அதை எப்படியாவது மெத்தென்று ஆக்கி அவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். கேக் போடுகிற அடுப்பெல்லாம் எங்களிடம் இல்லை. இரண்டு வாய் கேஸ் அடுப்பு ஒன்று, அப்புறம் 2022ல் கேஸ் கிடைக்காமல் அலைந்த மாதங்களில் அப்பா மறுபடியும் கட்டிய விறகடுப்பு. கொழும்பில் இருக்கும் அண்ணியைக் கேட்டேன். மெல்லிசாக வெட்டி, தண்ணீரும் சீனியும் கறுவாவும் போட்டு மூடி வைத்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார்.

முதல் தடவை கஞ்சியாகிப் போனது. தம்பி கொண்டு வந்ததில் மீந்தவற்றைத்தான் போட்டேன். வெட்டும்போதே மாவு மாதிரி உதிர்ந்தது, நாள்பட்ட பழம் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஒரு கோப்பை தண்ணீர் வேறு ஊற்றிவிட்டேன். அப்பிள் தானாகவே நிறையத் தண்ணீர் விடும், அது எனக்குத் தெரியவில்லை. அம்மாயி கரண்டியால் கிண்டிப் பார்த்துவிட்டு, "காய்ச்சக்காரனுக்குக் கொடுக்கிற மாதிரி இருக்கே பிள்ள" என்றார். குறையாகச் சொல்லவில்லை, முழுவதையும் சாப்பிட்டார். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. அவருக்குப் பழம் பழமாகத் தெரிய வேண்டும், கரண்டியில் எடுத்தால் துண்டாக வர வேண்டும், நாக்கால் அழுத்தினால் கரைய வேண்டும்.

அடுத்த ஞாயிறு நுவரெலியா டவுனில் பச்சை அப்பிள் வாங்கினேன். கிரானி ஸ்மித் என்று சொல்வார்களே, அது. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்தில் 1868 வாக்கில் ஸ்மித் என்ற ஒரு பாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த கன்றிலிருந்து பரவியதாம், அதனால்தான் பெயரிலேயே பாட்டி இருக்கிறார். புளிப்பும் கெட்டியும் உள்ள பழம், வெந்தாலும் சட்டென்று குழையாது. சீனிக்குப் பதில் கித்துள் கருப்பட்டி போடலாம் என்று பட்டது, அம்மாயிக்குக் கருப்பட்டி என்றால் உயிர். கருப்பட்டியைத் துருவி, அப்பிளோடு சேர்த்து எடுத்தவுடனேயே சட்டியில் போட்டு, கேஸைப் பெரிதாக வைத்தேன். பத்து நிமிடத்தில் அடி பிடித்துக் கசந்துவிட்டது, மேலே இருந்த துண்டுகளோ இன்னும் நறுக் நறுக் என்று இருந்தன.

அந்த இரண்டாவது தடவைதான் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தது. இனிப்பை முதலிலேயே போட்டால் அது பழத்துக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுத்து, துண்டை இறுக வைத்துவிடும். ஆகவே பழம் முக்கால் பங்கு வெந்த பிறகுதான் கருப்பட்டி. இன்னொன்று, நாங்கள் இருப்பது நானுஓயாவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1600 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 95 பாகையிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகக் கொழும்பை விட நேரம் பிடிக்கும் என்பது இங்கே சமைக்கிற எல்லோருக்கும் தெரியும், அப்பிளுக்கும் அதுதான் கணக்கு என்று எனக்குத்தான் தோன்றவில்லை. அண்ணி சொன்ன பத்து நிமிடம் அவர் வீட்டு அடுப்புக்குச் சரி.

மூன்றாவது தடவை கேஸ் பக்கமே போகவில்லை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து அம்மா கட்டி வந்த தேயிலை மிலாறு (செடியைக் குட்டையாக வெட்டும்போது விழும் குச்சி) காய்ந்து கிடந்தது, அதை எரித்து, தணல் விழுந்த பிறகு சட்டியை ஏற்றினேன். நான்கு பச்சை அப்பிள். தோலைச் சீவி, ஒவ்வொன்றையும் எட்டாக வெட்டி, கறுக்காமல் இருக்க அரைத் தேசிக்காய்ச் சாறு பிழிந்து பிரட்டி வைத்தேன். சீவிய தோலை வீசவில்லை. அரைக் கோப்பைத் தண்ணீரில் அதைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடித்தால் விரலில் லேசாகப் பிசுபிசுக்கும் ஒரு சாறு வரும், தோலில் இருக்கிற பெக்டின் அது. பிறகு பாகு கெட்டியாக அதுதான் உதவுகிறது. வெறும் தண்ணீர் ஊற்றாதீர்கள், இதை ஊற்றுங்கள்.

சட்டியில் ஒரு மேசைக்கரண்டி பட்டர். அது உருகியதும் விரல் நீளக் கறுவா ஒன்று, கராம்பு இரண்டு, தட்டிய ஏலக்காய் மூன்று. கறுவா நம் நாட்டுக் கறுவாவாகவே இருக்கட்டும். காலி, மாத்தறைப் பக்கத்தில் விளைவது, சுருட்டிய மெல்லிய தாள்களை ஒன்றுக்குள் ஒன்று திணித்த மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், விரலால் நசுக்கினாலே நொறுங்கும். மரப்பட்டை மாதிரி ஒரே தடிப்பாக இருக்கிறதே, அது வேறு சாதி, காரம் தூக்கலாக நிற்கும், இதற்குப் பொருந்தாது. கறுவாத்தூளும் வேண்டாம், சூட்டில் சீக்கிரம் கசக்கும்.

வாசனை இஸ்தோப்பு, அதாவது முன் திண்ணை வரைக்கும் போனது. "என்னடி பண்ற?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார் அம்மாயி. அப்பிள் துண்டுகளைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, வடித்த தோல் சாற்றில் கால் கோப்பை ஊற்றி மூடிவிட்டேன். பதினைந்து நிமிடம். நடுவில் ஒரே ஒரு தடவை சட்டியைப் பிடித்து உலுக்கினேன், கரண்டி போட்டால் துண்டு உடையும். கத்தி நுனி சிரமமில்லாமல் இறங்கியதும் மூடியை எடுத்துவிட்டு, துருவிய கருப்பட்டி ஒரு கைப்பிடி, எடை போட்டால் எண்பது கிராம் இருக்கும். அதிலிருந்து ஐந்தாறு நிமிடம் அடுப்படியை விட்டு நகரவே கூடாது. முதலில் தண்ணீராகத் தெரியும், பயப்பட வேண்டாம், பிறகு நுரைகள் பெரிதாகி மெதுவாக உடையத் தொடங்கும், சட்டியைச் சாய்த்தால் பாகு ஓடாமல் நகரும். அந்த நேரத்தில் இறக்கிவிட வேண்டும். இறக்கிய பிறகு சாதிக்காயை இரண்டு உரசு உரசினால் போதும்.

சூட்டோடு கொடுக்கவில்லை, பாகு நாக்கைச் சுட்டுவிடும். வெதுவெதுப்பானதும் ஒரு கிண்ணத்தில் மாட்டுத் தயிர் இரண்டு கரண்டி வைத்து, அதன் மேல் நான்கு துண்டும் பாகும். அம்மாயி ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. கன்னம் மட்டும் அசைந்தது. அப்புறம், "புளிப்பு இருக்கு பாரு, அது நல்லாருக்கு" என்றார். கிண்ணம் காலியானதும் அதை என் பக்கம் நீட்டினார். எங்கள் வீட்டில் அவர் இரண்டாம் தடவை எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சட்டியில் ஒட்டியிருந்த பாகைக் கழுவ விடவில்லை. மறுநாள் காலை சுடச்சுடப் பிளேன்டீயை அதிலேயே ஊற்றிக் கலக்கிக் குடித்தார், கறுவாத் துண்டையும் கடைசியில் சப்பிவிட்டுத்தான் போட்டார். அடுத்த தடவை வெலிமடைப் பக்கத்துப் பியர்ஸ் காயில் செய்து பார் என்று அம்மா சொல்கிறார். அது இன்னும் கெட்டி, இருபத்தைந்து நிமிடமாவது தணலில் கிடக்க வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.