ஒன்பது மணிக்கு ஒரு கேள்வி

ருத்ரனைக் கொன்றுவிட்டேன். பதினான்கு அத்தியாயம் பாலூட்டி வளர்த்தவன். ஆறடி உயரம், கம்பெனி முதலாளி, இடது கன்னத்தில் தீக்காயத் தழும்பு, எடுத்ததற்கெல்லாம் கத்தல். மதுராவின் அப்பா அவனிடம் வாங்கிய கடனை அடைக்க முடியாமல் போக, "ஒரு வருஷம் எனக்குப் பொண்டாட்டியா இரு" என்று ஒப்பந்தப் பத்திரத்தை அவள் முன்னால் நீட்டுவான். 'அழகியும் அரக்கனும்' (Beauty and the Beast) கதையை இந்தக் காலத்துக்கு இழுத்து வருவதுதான் திட்டம். அப்பா ஒரு ரோஜாவைப் பறித்ததற்காக, சாபத்தால் அரக்கனான ஒருவனின் மாளிகைக்கு மகள் போய் இருக்க நேரும் பழைய கதை அது. மாளிகை பங்களா ஆனது, சாபம் கார் விபத்து ஆனது, ரோஜாப்பூ புரோநோட்டு ஆனது. எழுத எழுத ஓடியது. கெட்டவனே கதாநாயகனாக வரும் ஆன்டி ஹீரோ கதைகளே அப்படித்தான், பள்ளத்தில் விட்ட தண்ணீர்.

அக்காவிடம் கொடுத்தேன். நான் எழுதுவதை முதலில் படிப்பவள் அவள்தான். மூன்றாம் நாள் போன் வந்தது.

"ஏன்டி, இவ வேணாம்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான்?"

"அவ சொல்லமாட்டாளே."

"அதான் கேக்கறேன். சொன்னா?"

யோசித்தேன். அப்பா மேல் கேஸ் போடுவான், வீட்டை ஜப்தி செய்வான். சொல்லச் சொல்ல எனக்கே காது கூசியது.

"அப்ப இது காதல் கதை இல்லடி. வசூல் கதை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோபம் ஆற இரண்டு நாள் ஆயிற்று. அதன்பிறகுதான் மூலக்கதையை எடுத்து உட்கார்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவரை நான் அதைப் படித்ததே இல்லை. கார்ட்டூன் பார்த்த ஞாபகத்தில்தான் பதினான்கு அத்தியாயமும்.

பிரெஞ்சில் இதை முதலில் அச்சேற்றியவர் வில்நவ் என்ற பெண் எழுத்தாளர், 1740இல். ஒரு நாவல் நீளத்துக்குப் போகும். அதில் அரக்கன் இரவுக்கு இரவு கேட்பது கல்யாணத்தை இல்லை. என்னோடு படுக்க வருகிறாயா என்று நேராகவே கேட்கிறான். 1756இல், லண்டனில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த போமோன் என்ற இன்னொரு பெண்மணி அதைச் சில பக்கங்களுக்குச் சுருக்கித் தன் புத்தகத்தில் சேர்த்தார். சிறுமிகள் படிக்கிற புத்தகமாயிற்றே, கேள்வியும் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா' என்று அடக்கமாகிவிட்டது. இன்று உலகம் முழுக்கச் சுற்றுவது பெரும்பாலும் இந்தச் சுருக்கம்தான்.

போமோனின் கதையில் அந்த முதல் இரவை நான்கு தடவை படித்தேன். அந்தப் பெண் சாப்பிட உட்கார்கிறாள். அரக்கன் வந்து, நீ சாப்பிடுவதைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்கிறான். நீங்கள்தானே எஜமான் என்கிறாள் நடுங்கிக்கொண்டே. இல்லை, இங்கே எஜமானி நீ மட்டும்தான், நான் இருப்பது தொந்தரவாக இருந்தால் போகச் சொல், போய்விடுகிறேன் என்கிறான். கொஞ்ச நேரம் பேச்சு. அப்புறம் அந்தக் கேள்வி. அவள் உடனே பதில் சொல்வதில்லை. மறுத்தால் வெறி பிடித்துவிடுமோ என்று பயம். கடைசியில் எப்படியோ 'இல்லை' என்று சொல்லிவிடுகிறாள்.

இந்த இடத்தில் என் ருத்ரன் மேஜையைக் கவிழ்த்திருப்பான். அரக்கன் பெருமூச்சு விடப் பார்க்கிறான். அந்தத் தொண்டையில் அது பயங்கரமான சீறலாக வந்து மாளிகை முழுக்க எதிரொலிக்கிறது. அவ்வளவுதான். 'அப்படியானால் போய் வருகிறேன்' என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு வெளியே போகிறான், போகும்போது அவளை அவ்வப்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு.

வேறு ஒன்றும் நடப்பதில்லை. மறுநாள் காலை அப்பாவுக்கு எதுவும் ஆகிவிடவில்லை, அவளுக்குச் சாப்பாடு நிற்கவில்லை. மறுபடி ராத்திரி ஒன்பது மணி, மறுபடி கேள்வி, மறுபடி இல்லை. இப்படி மூன்று மாதம். கதையே அந்த 'இல்லை'யின் மேல்தான் நிற்கிறது. அதைச் சொல்லிச் சொல்லித்தான் அவளுக்குப் பயம் தெளிகிறது. நானோ ரோஜா, கண்ணாடி, மாளிகை என்று பாத்திர பண்டங்களை எல்லாம் வண்டியில் ஏற்றிவிட்டு அடுப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

(அரக்கன் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. ஒரு பூவைப் பறித்ததற்கு உயிரைக் கேட்டவன். மகள் தன் இஷ்டத்தோடு வரவேண்டும் என்று நிபந்தனை வேறு. அப்பன் கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு என்ன இஷ்டம்? அதைப் போமோனும் அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்.)

ஆக, ருத்ரன் போனான், சேகர் வந்தான். சேகருக்குத் தழும்பு கிடையாது, திக்குவாய். அதற்கும் மூலத்தில்தான் பிடி கிடைத்தது. கெட்ட தேவதை ஒருத்தி அரக்கனின் உருவத்தை மட்டும் கெடுக்கவில்லை, அறிவை வெளியே காட்டக் கூடாது என்றும் சபித்திருக்கிறாள். கார்ட்டூன் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதுச் செய்தி. என் சேகர் மனசுக்குள் நன்றாகப் பேசுவான், வாய் திறந்தால் முதல் எழுத்திலேயே நின்றுவிடும். பாட்டி விட்டுப்போன ஐயாயிரத்துச் சொச்சம் பழைய இசைத்தட்டுகளுக்குப் பட்டியல் போட மதுரா வேலைக்கு வருகிறாள். அப்பா வாங்கிய கடன் இந்தக் கதையிலும் உண்டு, ஆனால் முதல் நாளே பத்திரத்தை அவள் கண் முன்னால் கிழித்துவிடுகிறான். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அவள் பையைத் தூக்கும்போது கேட்பான்: "நா... நாளைக்கும் வருவீங்களா?" அவள், "தெரியல சார்" என்பாள்.

அக்கா படித்தாள். "இப்ப நல்லாத்தான் இருக்கான். ஆனா கதை எங்கடி? அவதான் எப்ப வேணா போலாமே."

அடுத்த மூன்று வாரம் ஒரு வரி எழுத முடியவில்லை. மிரட்டல் இருந்தவரை அடுத்து என்ன ஆகுமோ என்று வாசகர் தானாகப் பக்கத்தைப் புரட்டுவார். அதைப் பிடுங்கிய பிறகு அத்தியாயம் தண்ணீர் வற்றிய வாய்க்கால் மாதிரி கிடக்கிறது. வில்லன் மாமா ஒருவரைக் கொண்டுவந்தேன், சகிக்கவில்லை, வெட்டினேன்.

வழி காட்டியது மறுபடி போமோன்தான். நடுவில் ஒரே ஒரு வாக்கியம், முதலில் கண்ணில் படாமல் போனது. அரக்கன் வரும் நேரத்தை நினைத்துப் பயந்துகொண்டிருந்தவள், ஒன்பது ஆகிவிட்டதா என்று அடிக்கடி தன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிக்கிறாள். எவ்வளவு சின்ன விஷயம்! அவன் என்ன செய்வான் என்பதிலிருந்து இவளுக்கு என்ன ஆகிறது என்பதற்குக் கதை அங்கே கைமாறுகிறது.

அதைத் திருடித்தான் பதினோராவது அத்தியாயத்தை எழுதினேன். மதுரா எட்டரைக்கே வேலையை முடித்துவிடுகிறாள். கிளம்பலாம். துடைத்த இசைத்தட்டையே எடுத்து மறுபடி துடைக்கிறாள். உறையின் மூலையில் மடிந்திருந்த காகிதத்தை நகத்தால் நீவிக்கொண்டே இருக்கிறாள். சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பிந்தி ஓடுவது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. அத்தனை பக்கத்திலும் வேறு எதுவும் நடக்கவில்லை. அக்காவிடமிருந்து ஒரே வார்த்தை வந்தது: "ம்ம்." அவள் அகராதியில் அது பெரிய விருது.

மூலத்தில் ஒன்றை மட்டும் நான் எடுக்கப் போவதில்லை. ஒரு வாரம் என்று சொல்லி அப்பாவைப் பார்க்கப் போனவள் திரும்பத் தாமதிக்கிறாள். பத்தாவது இரவு, அவன் தோட்டத்தில் சாகக் கிடப்பதாகக் கனவு. ஓடிவந்து பார்த்தால் உண்மையிலேயே பட்டினி கிடந்து உயிரை விடப் போகிறவனாகக் கிடக்கிறான். மூன்று மாதம் மறுப்பைத் தாங்கியவன் கடைசியில் இப்படி ஒரு நெருக்கடி கொடுத்தால் எப்படி? என் சேகர் நேரத்துக்குச் சாப்பிடுவான்.

திக்குவாய் கடைசி அத்தியாயத்திலாவது சரியாகிவிடுமா என்று கேட்டாள் அக்கா. ஆகாது. மூலத்தின் முடிவில் சாபம் நீங்கி, அரக்கன் இருந்த இடத்தில் அழகான இளவரசன் நிற்கும்போது அந்தப் பெண் கேட்கிற முதல் கேள்வியே 'என் அரக்கன் எங்கே' என்பதுதான். அதைப் படித்த பிறகு சேகரைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை.

போன வாரம் பத்தொன்பதாவது அத்தியாயம் தொடங்கினேன். பட்டியல் முடிந்துவிட்டது, இனி அவள் வர ஒரு காரணமும் இல்லை. ஒன்பது மணி. அவன் கேட்கவில்லை. வாசல்வரை போனவள் திரும்பி, "நாளைக்கு நான் வரட்டுமா?" என்கிறாள்.

அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"அவன் என்ன சொன்னான்?"

"இன்னும் எழுதலக்கா."

"அவனும் வேணாம்னு சொல்லலாம்தானே?"

மூன்று நாளாக அந்த வரியிலேயே நிற்கிறேன்.