சுவரை முட்டிய வண்டி

பையனுக்காக ஆர்டுயினோவை (புரோகிராம் எழுதி இயக்குகிற சின்ன சர்க்யூட் போர்டு) வைத்துச் செய்த பொம்மை வண்டி ஒரு வாரமாகச் சுவரில் போய் முட்டிக்கொண்டே இருந்தது, நானும் புரோகிராமைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் வினை அகச்சிவப்புத் தூர சென்சாரில். 10 முதல் 80 செ.மீ. வரை அளக்கிற ரகம். எதிரே இருக்கிற பொருள் நெருங்க நெருங்க சென்சார் வெளியே கொடுக்கிற வோல்டேஜ் ஏறும், 80-ல் 0.4, 10-ல் 2.3 வோல்ட் வாக்கில், ஆனால் 6 செ.மீ.க்கும் உள்ளே வந்துவிட்டால் திரும்ப இறங்க ஆரம்பிக்கும், அதனால் மூக்குக்கு நேரே நிற்கிற சுவர் எங்கேயோ எட்டத்தில் இருப்பதாக அதற்குத் தெரியும். (சென்சாரோடு கம்பெனி தருகிற விவரத் தாளில், அதாவது டேட்டாஷீட்டில், படமே போட்டிருக்கிறது, யார் படித்தார்கள்!) சென்சாரைக் கழற்றி, முன்விளிம்பிலிருந்து 10 செ.மீ. உள்ளே தள்ளி வைத்தேன், சரியாகிவிட்டது. அப்புறம் அளவு துள்ளிக்கொண்டிருந்ததற்கு, சென்சார் பக்கத்திலேயே பவருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே வோல்டேஜை நிலையாக வைக்க ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்சம் சேர்த்து வைக்கிற சின்ன உறுப்பு) போட்டேன். இப்போது சுவருக்கு நாலு விரல் முன்னால் சமத்தாக நிற்கிறது, பையன்தான் முட்டினால்தான் ஜாலி என்கிறான்.